முதல்முறை வருபவர்களுக்கு

நகரி
4 செப்டம்பர் 2024

தம்பி நாகேந்திரனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். நாங்கள் இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எதைக் கேட்டாலும் "சிக்னல் போவுதுக்கா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியாக வேண்டும்.

ரேணிகுண்டா வொர்க்‌ஷாப்பை விட்டு நீ இமாச்சலம் போய் ஒன்பது வருடம். பனி உருகியதும் மே மாதம் வந்து, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறிவிட்டுத்தான் திரும்புவாய். இந்த வருடம் வரவில்லை. அதை நான் இப்போது கேட்கவில்லை. கேட்பது வேறு.

தரணி திருப்பதியில் பி.டெக். மூன்றாம் வருடம் போய்விட்டாள். அவளும் தோழிகள் பத்துப் பேரும் ஜனவரியில் ஒரு வாரம் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறார்களாம். பதினோரு பேரில் ஒருத்தியும் ஃப்ரிஜ்ஜுக்கு வெளியே பனியைப் பார்த்ததில்லை. இடம் தேடுகிற பொறுப்பு இவளுடையது. "எங்க மாமா நீல்தார்ல லிஃப்ட் ஓட்டிக்கினுகிறாரு, வேற எடம் எதுக்கு?" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நீல்தாரே சரிதானே? ஒரு வரி எழுது. ஆஸ்பத்திரி ட்யூட்டிக்குப் புத்தூர் பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

அக்கா
தாட்சாயணி


நீல்தார்
19 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் சந்திரன் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரணி பனிச்சறுக்கு கற்றுக்கொள்வது நல்ல விஷயம். பயப்படாதே. ஆனால் முதல்முறை வருபவர்கள் இடத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. நம் ஏரிக்கரை இறக்கம் அளவு போதும். சரிவின் அடியில் நீளமான சமதரை இருக்க வேண்டும், நிறுத்தத் தெரியாதவர்கள் தானாக நிற்பதற்கு. ஒரு மாஸ்டருக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது. முதல் நாளே மேலே ஏற்றுகிறேன் என்று சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். முதல் நாள் விழவும் எழவும்தான் சொல்லித் தர வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மேலே போகிற வழி. ஏர்போர்ட்டில் பெட்டி வருகிற மாதிரி தரையில் நகர்கிற பெல்ட் இருந்தால் அதுதான் நல்லது. ஏறி நின்றால் போதும். கயிறு ஓடுகிற லிஃப்ட் என்றால், ஓடும் கயிற்றைக் கையால் பிடிக்க வேண்டும், அது இழுத்துக்கொண்டு மேலே போகும், சரியான இடத்தில் கையை விட வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

காஷ்மீர் குல்மார்க்கில் கீழ்ச் சரிவுகள் புதியவர்களுக்கு நன்றாக இருக்கும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் சிம்லாப் பக்கம் சின்ன சரிவுகள் இருக்கின்றன. நீல்தார் வேண்டாம். இது நன்றாகத் தெரிந்தவர்களுக்கான இடம்.

தம்பி
நாகேந்திரன்


நகரி
1 அக்டோபர் 2024

நாகேந்திரனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்குத்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தரணி போனை எடுத்து நீல்தார் வெப்சைட்டைக் காட்டினாள். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: முதல்முறை வருபவர்களுக்கு மிகவும் ஏற்ற இடம். கீழே சிவப்பு ஜாக்கெட் போட்ட குழந்தைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நீ எழுதுகிறாய், தெரிந்தவர்களுக்கான இடம் என்று. வெப்சைட் பொய்யா, என் தம்பி பொய்யா?

"மாமாவுக்கு நாம வர்றது புடிக்கலம்மா. அத்த நேரா சொல்லிட்டுப் போவட்டும்" என்று பிள்ளை சொல்லிவிட்டு எழுந்து போனாள். மத்தியானம் சோறு தின்னவில்லை. உன் மாமா அதற்கு மேல். "அங்க யாரையாச்சும் கட்டிக்கினு இருப்பான். பவர்லூம்காரன் வூட்டு ஜனம் போனா அவனுக்கு மானம் பூடும்" என்கிறார்.

அவள் பத்தாவது பாஸ் பண்ணினபோது முதல் முதலில் உனக்குத்தான் போன் போட்டாள், பெற்ற அப்பனுக்கு இல்லை. எனக்குக் காரணம் வேண்டும். சரிவும் பெல்ட்டும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் பிள்ளை உன் இடத்துக்கு ஏன் வரக் கூடாது? அதற்கு மட்டும் பதில் எழுது.

தாட்சாயணி


நீல்தார்
20 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நலம்.

யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. மானக்கேடும் இல்லை. ஜனவரியில் இங்கே ரூம் கிடைக்காது. இந்த வருடம் பனி தாமதம் என்றும் சொல்கிறார்கள். மாஸ்டர்கள் இந்தி மட்டும் பேசுவார்கள், பிள்ளைகளுக்குக் கஷ்டம். சாப்பாடும் சரியில்லை.

குல்மார்க் போகச் சொல். என்ன விவரம் வேண்டுமோ விசாரித்துத் தருகிறேன். இதற்கு மேல் கேட்காதே அக்கா.

நாகேந்திரன்


திருப்பதி, மகளிர் விடுதி
5 நவம்பர் 2024

மாமாவுக்கு தரணி எழுதுவது,

உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கட்டும். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பேனா பிடித்து நாளாயிற்று.

ரூம் கிடைக்காது என்று எழுதினீர்கள். நானே நீல்தாருக்குப் போன் பண்ணினேன். பதினோரு பேருக்கும் ரூம் இருக்கிறது. பனி நன்றாக விழும் என்கிறார்கள். மாஸ்டர்களில் இரண்டு பேர் இங்கிலீஷ் பேசுவார்கள். போனை எடுத்தவரிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். "நாகேந்திரனா? எங்கள் லிஃப்ட் சீனியர் ஆச்சே, அவர் இருக்கும்போது என்ன பயம்?" என்றார். எல்லோருக்கும் புக் பண்ணிவிட்டேன். ஜனவரி 11 முதல் 17 வரை.

உங்களைத் தேடி வர மாட்டேன், மாமா. லிஃப்டில் பார்த்தால் தெரியாதவள் மாதிரி போய்விடுகிறேன். அம்மா ஒரு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

தரணி


நீல்தார்
14 நவம்பர் 2024

அக்கா,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. தரணியின் புக்கிங்கை உடனே ரத்து செய். காரணம் கேட்டாயே, எழுதுகிறேன்.

இங்கே புதியவர்களுக்கு இருப்பது கயிறு லிஃப்ட்தான். கயிறு மேலே ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். யாராவது கையை விட மறந்து சக்கரம் வரைக்கும் போய்விட்டால், அதற்கு முன்னால் குறுக்கே கட்டியிருக்கிற மெல்லிய ஒயரில் உடம்பு படும். பட்டதும் மோட்டார் தானாக நின்றுவிடும். போன சீசனில் அந்த ஒயர் கெட்டுப்போனது. காற்று அடித்தால்கூட மோட்டார் நின்றது, கீழே வரிசை நீண்டது. மேனேஜர் கத்தினார். "சீசன் முடியட்டும், மாத்திக்கலாம். இப்போ டைரக்டா குடு" என்றார். நான் பெட்டியைத் திறந்து இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். அதன் பிறகு ஒயரில் யார் பட்டாலும் மோட்டார் நிற்காது.

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அனந்தபூரிலிருந்து துர்காதேவி என்று ஒரு பெண். பத்தொன்பது வயது, முதல் தடவை. நான் தெலுங்கு பேசியதும் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, நீங்க கீழ நின்னா எனக்கு தைரியம்" என்றாள். நாலாவது முறை ஏறும்போது வலது கை கிளவுஸ் கயிற்றில் சிக்கிக்கொண்டது. மூடுபனி, மேலே ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "ஆபண்டி அண்ணா! ஆபண்டி!" நிறுத்துங்கள் என்று. அங்கே நின்ற அத்தனை பேரில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான்.

கீழே என் பக்கத்தில் இருந்த நிறுத்துகிற பட்டனை நான் உடனே அழுத்தவில்லை, அக்கா. ஒயரில் பட்டதும் தானாக நிற்கும் என்று கை பழக்கத்தில் காத்தது. ஒயரைச் சேர்த்தது நான்தான் என்று நினைவு வந்து அழுத்தியபோது முடிந்துபோயிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

மேனேஜர் ஒரு பேப்பர் டைப் அடித்துக் கொண்டுவந்தார். அந்தப் பெண் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள், கவனமில்லை, உதவி கேட்டுக் கத்தவும் இல்லை என்று. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போலீஸ் அதை வைத்தே கேஸை மூடிவிட்டது.

சீசன் முடிந்து, அடுத்த சீசனும் வரப்போகிறது. ஒயர் அப்படியேதான் இருக்கிறது. தரணி இங்கே வரக் கூடாது.

நாகேந்திரன்


நகரி
22 நவம்பர் 2024

நாகேந்திரனுக்கு,

தரணியின் புக்கிங் ரத்தாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கு.

ரத்து செய்த இடத்தில் யார் வருவார்கள் என்று யோசித்தாயா? பதினோரு கட்டில் காலியாகவா இருக்கும்? அதில் யார் பெற்ற பிள்ளைகளோ வந்து படுக்கும். காலையில் எழுந்து உன் கயிற்றைப் பிடிக்கும். அவர்களுக்கு உன்னைப்போல மாமன் இல்லை, கடிதம் எழுதி வராதே என்று சொல்ல. என் பெண்ணுக்கு ஆகாத இடம் ஊரான் பெண்ணுக்கு ஆகுமா? எனக்கு இரண்டு பக்கம் பாடம் எழுதினாயே, சரிவு எப்படி, பெல்ட் எப்படி என்று. அவ்வளவும் தெரிந்த கையாடா அந்த டேப்பைச் சுற்றியது?

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சொல்கிறார்: "உடு, நம்ம பொண்ணு தப்பிச்சிக்கிச்சி. ஊர் வம்பு நமக்கின்னாத்துக்கு?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னாலிருந்து தட்டை எடுத்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

நான் நர்ஸ். கை போன பெண்கள் எப்படி முதல் தடவை ஜாக்கெட் பொத்தானைப் போட முயற்சி செய்வார்கள் என்று பார்த்திருக்கிறேன். இங்கே எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு இருக்கிறது. போன கைக்கு எந்த ஊரில் கட்டு?

அந்த ஒயரைச் சரிசெய். போலீசிடம் போய் உண்மையைச் சொல். அந்தப் பெண் வீட்டுக்குப் போ. டிசம்பர் முடிவதற்குள் இதைச் செய்யாவிட்டால் உன் கடிதத்தை நானே போலீசுக்கு அனுப்புவேன். உன் கையெழுத்தில் எல்லாம் இருக்கிறது.

தாட்சாயணி


நீல்தார்
20 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

அனுப்பு. தாராளமாக அனுப்பு. மேனேஜர் வெளியே வருவார், முதலாளி வெளியே வருவார், டேப் சுற்றிய நான் உள்ளே போவேன். அதுதான் உனக்கு வேண்டுமென்றால் ஸ்டாம்ப் ஒட்டு.

ஆனால் நீ நீதி பேசாதே. சித்தூரில் அந்த நர்சிங் ஹோமில் வேலை பார்த்தாயே, 2016. கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த வரலட்சுமி என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் குழந்தை செத்தது. டாக்டர் அன்றைக்கு வரவே இல்லை. வந்ததாகவும் கூடவே இருந்ததாகவும் கேஸ் ஷீட்டில் எழுதியது யார்? என்னிடம்தானே சொல்லி அழுதாய். நான் உன்னைப் போலீசுக்கு அனுப்புகிறேன் என்றேனா? "வேலை போயிட்டா தரணிய எப்பிடிக்கா படிக்க வைப்ப, உடு" என்றுதானே சொன்னேன்?

நீ எழுதினால் அது பிழைப்பு, நான் கையெழுத்துப் போட்டால் அது பாவமா? நாம் ரெண்டு பேரும் ஒரே அம்மா பிள்ளைகள், அக்கா. என்னை மட்டும் தனியாக நிற்க வைக்காதே.

நாகேந்திரன்


நகரி
5 ஜனவரி 2025

நாகேந்திரனுக்கு,

சளி, இருமல். மற்றபடி நலம்.

உன் கடிதத்தை முதலில் கிழிக்கப் போனேன். பிறகு மூன்று நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ட்யூட்டிக்குப் போனேன். ஆமாம், எழுதினேன். டாக்டர் இருந்தார் என்று என் கையால் எழுதினேன். எட்டு வருடமாகக் கார்வேட்டிநகரம் பஸ்ஸில் அவள் முகம் தெரிந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். நீ எனக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வரலட்சுமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, "இவங்களாண்ட சொல்லு" என்றாள். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அப்போதுதான் தெரிந்தது. வலி வந்ததைச் சொல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள், அதனால்தான் குழந்தை போயிற்று என்று அந்த வீட்டில் எட்டு வருடமாக அவளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சரியான நேரத்துக்குத்தான் வந்தாள், தம்பி. கேஸ் ஷீட்டில் வந்த நேரத்தையும் நான்தான் மாற்றினேன். அதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்து அவள் என்ன செய்தாலும் சரி. என் வேலை போனாலும் போகட்டும்.

உன்னைத் தனியாக நிற்க வைக்காதே என்று கேட்டாய். வைக்கவில்லை. இப்போது நீ நில். உன் கடிதம் பீரோவில் இருக்கிறது. பொங்கல் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

தாட்சாயணி


ரேணிகுண்டா
30 ஜனவரி 2025

அக்காவுக்கு,

இருமல் நின்றதா? நான் ரேணிகுண்டாவில் பழைய வொர்க்‌ஷாப்புக்கு எதிரே ஒரு ரூமில் இருக்கிறேன். பஸ் ஏறினால் நகரிக்கு எவ்வளவு நேரம் என்று உனக்கே தெரியும். வரத் தைரியம் இல்லை.

போகி அன்று காலை லிஃப்ட் பெட்டியைத் திறந்து முறுக்கிய ஒயரை வெட்டினேன். மோட்டார் நின்றது. கீழே நாற்பது பேர் வரிசையில். மேனேஜர் ஓடிவந்தார். "புது ஒயர் போடாம இது ஓடாது. ஓட்டணும்னா நீங்களே சேத்துக் கட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னேன். ஒரு தகப்பன் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் என் துணிப் பெட்டியை ரோட்டில் வைத்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். கேஸ் முடிந்துபோனது, போ என்றார்கள். மூன்றாவது நாள்தான் வாக்குமூலம் வாங்கினார்கள். ஒயரை நான் சேர்த்ததையும் எழுதியிருக்கிறேன். அதன் காப்பியோடு அனந்தபூர் போனேன்.

துர்காதேவிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "இப்பவா வரீங்க?" என்று தெலுங்கில் கேட்டாள். அவள் அப்பா உள்ளேயிருந்து வந்தவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் விலக்கவில்லை. அவள்தான், "உடுங்க நைனா, நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

என் முன்னால் வந்து நின்றாள். "நேனு அரிச்சானா, லேதா?" நான் கத்தினேனா, இல்லையா என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்க நான் வழியெல்லாம் என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் கேட்டது அது ஒன்றுதான். ஒரு வருடமாக அவள் கத்தினேன் என்று சொல்லியும் யாரும் நம்பவில்லை. பேப்பரில் கத்தவில்லை என்று இருக்கிறது. மயக்கத்தில் குழப்பம், அதிர்ச்சியில் அப்படித் தோன்றும் என்றார்களாம். கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம், நான்தான் கத்தாமல் இருந்துவிட்டேனோ என்று.

"அரிச்சாவம்மா" என்றேன். கத்தினாய் அம்மா என்று. "ரெண்டு தடவ. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிறுத்தல."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா நைனா?" அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் இடது கையால் கதவைக் காட்டினாள். "போங்க. கோர்ட்டுல வந்து இதயே சொல்லுங்க." தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, அக்கா. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர்கள் வக்கீல் கேஸை மறுபடி எடுக்க வைத்திருக்கிறார். இமாச்சலத்தில் கோர்ட், மார்ச் 10 வாய்தா. என் மேலும் கேஸ் வரும் என்றார்.

நகரிக்கு வரலாமா?

நாகேந்திரன்


நகரி
4 பிப்ரவரி 2025

தம்பி நாகேந்திரனுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தரணியும் தோழிகளும் பெல்ட் இருக்கிற ஒரு சின்ன இடமாகப் பார்த்துப் போய்விட்டு வந்துவிட்டார்கள். ஒன்பது தடவை விழுந்தாளாம். மூக்கு வெயிலில் உரிந்துபோய் வந்திருக்கிறாள். நீ உண்மையை எழுதிய கடிதம் இரண்டையும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளிடம் நீயே பேசு, நடுவில் நான் வர மாட்டேன்.

வரலட்சுமி சித்தூரில் புகார் கொடுத்துவிட்டாள். என்னை ட்யூட்டியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் மாமா பத்து நாள் முறைத்துக்கொண்டு தறிக்கொட்டகையிலேயே இருந்தார். நேற்று தானாக வந்து, "சாதம் போடு. நீ செஞ்சது சரிதான், எனக்கு பயம், அவ்ளோதான்" என்றார்.

வரலாமா என்று கேட்டாய். இது உன் வீடு, வா. சோறு போடுவேன். பழைய மாதிரி பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என் மேலும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மார்ச் 7 ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். வழி முழுக்க உன்னோடு வருவேன். உனக்கு இட்லி கட்டிக்கொண்டு வருவேன். கோர்ட்டுக்குள் போனதும் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். துர்காதேவி அனுமதித்தால் அவள் பக்கத்தில் உட்காருவேன். நீ சாட்சிக் கூண்டில் ஏறி நின்று பேசும்போது நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் அக்கா
தாட்சாயணி